வெள்ளையனும் எங்கள் வியாழக்கிழமைகளும்

"ஆலிம்சா, நீங்க நாய் வளர்க்கிறீங்களாமே?"

பிள்ளையை ஓத விட வந்த ஒரு தந்தை மதரஸா வாசலில் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் குரலில் கோபம் இல்லை. நான் இல்லையென்று சொல்லிவிட வேண்டுமே என்ற தவிப்புத்தான் இருந்தது. "வளர்க்கவில்லை, பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க முற்படுவதற்குள் மணி அடித்துவிட்டது. மறு வாரம் அவருடைய மகன் வகுப்புக்கு வரவில்லை. வேறோர் இடத்தில் சேர்த்துவிட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குர்ஆன் ஓதிக்கொடுத்தும் ஃபிக்ஹுப் பாடம் நடத்தியும் வருகிறேன். என்னைக் காரணம் காட்டி ஒரு பிள்ளை விலகியது இதுவே முதல் முறை. வாசலில் சொல்ல முடியாமற்போன விளக்கத்தை இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. சற்று நீளமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் வியாழக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மதரஸா ஆசிரியனுக்குச் சனியும் ஞாயிறும் வேலை நாள்கள். வியாழன் அஸருக்குப் பிறகு தொடங்கி வெள்ளி இரவு வரை எங்களுக்கு விடுப்பு. அந்த ஒன்றரை நாளை நான் எவ்வாறு செலவழித்து வந்தேன் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. நிக்காஹ் மஜ்லிஸ், கத்தம் ஃபாத்திஹா, பக்கத்து ஊரில் பயான், ஜமாஅத்தில் ஒரு பஞ்சாயத்து. யார் அழைத்தாலும் போய்விடுவேன். அழைப்பு வராத வாரம் மிகக் குறைவு. மூத்த மகன் சென்னையில் கல்லூரி விடுதிக்கும் இளையவன் வெளியூர் ஹிஃப்ழு மதரஸாவுக்கும் போன பிறகு, வீட்டில் என் மனைவியும் மாமியும் மட்டும். (எங்கள் ஊர் வழக்கப்படி நான் மனைவியின் வீட்டில் இருப்பவன். ஆகவே மாமிதான் வீட்டின் தலைவி.) சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒரு நாள், பயானுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என்னிடம் என் மனைவி கேட்டாள்: "மச்சான், ரசூலுல்லாஹ் மனைவிமாரோட எப்படி இருந்தாங்கன்னு ஊரெல்லாம் போய்ப் பேசுறீங்க. நம்ம ரெண்டு பேரும் கடைசியா எங்கே போனோம்னு ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இருக்கவில்லை. அவளுக்கு இருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலியில் ஒரு கண் மருத்துவமனை.

அன்றைய பயானில், பயணத்தின்போது இரவானதும் நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களின் ஒட்டகத்துக்கு அருகே தமது ஒட்டகத்தை நடத்தியபடி அவர்களோடு பேசிக்கொண்டே செல்வார்கள் என்ற புகாரியின் அறிவிப்பைச் சொல்லத்தான் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். இருவரும் ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதன்முறை ஆயிஷா (ரலி) அவர்கள் முந்தியதும், ஆண்டுகள் கழித்து நபியவர்கள் முந்தி, அன்றைய தோல்விக்கு இது ஈடு என்ற பொருளில் சிரித்ததும் அபூதாவூதில் உள்ளன. இவற்றை நான் எத்தனை மேடைகளில் சொல்லியிருப்பேன்! கேட்டவர்கள் சிரிப்பார்கள், சுப்ஹானல்லாஹ் என்பார்கள். வீட்டில் ஒருத்தி அதை ஒருமுறை கூடக் கண்டதில்லை.

அந்த வாரம் முதல் வியாழன் மாலையை அவளுக்கென்று ஒதுக்கினேன். பெரிய செலவு எதுவுமில்லை. ஒரு பழைய ஸ்கூட்டர், ஒரு ஃபிளாஸ்க் தேநீர், தொழுகைப் பாய் ஒன்று. குலசேகரன்பட்டினம் போனோம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம் எங்கே வரும் என்று அவள் கேட்க, தெரிந்தவனைப்போல் ஒரு திசையைக் காட்டினேன். மணப்பாட்டில் குன்றுபோல் உயர்ந்த மணல் மேட்டின் கீழ் அமர்ந்து மஃரிபு வரை கடலைப் பார்த்தோம். தேரிக்காட்டின் செம்மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். என் மனைவிக்கு இவ்வளவு பேச வரும் என்பதே எனக்குத் தெரியாது.

பழைய காயலுக்குப் போன நாளை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன். பின்னால் வரும் செய்திக்கு அது தேவைப்படும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் துறைமுகம் அந்தப் பகுதிதான். ஹுர்முஸ், ஏடன் துறைகளிலிருந்து மரக்கலங்கள் அங்கே வந்தன. அவற்றில் வந்த முதன்மையான சரக்கு குதிரை. பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் ஏராளமான அரபுக் குதிரைகளைப் பெரும் விலை கொடுத்து வாங்கினார்கள். வாங்கியவற்றுள் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மடிந்துபோயின. இலாடம் அடிப்பவர் இல்லை, பேணத் தெரிந்தவர் இல்லை, அதனால்தான் சாகின்றன என்று அந்த வெனிஸ் வணிகர் எழுதி வைத்திருக்கிறார். இதை நான் சொல்லி முடித்ததும் என் மனைவி, "பார்க்கத் தெரியாதவங்க எதுக்கு வாங்கணும்?" என்றாள். நான் சிரித்தேன். அடுத்த மாதமே அந்தக் கேள்வி என் வாசலில் வந்து நிற்கும் என்று அப்போது எண்ணவில்லை.

இனி நண்பரைப் பற்றி.

ஊரின் எல்லையில், ஆறுமுகநேரி செல்லும் சாலையருகே வசிப்பவர். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், இந்துச் சகோதரர். எங்கள் மதரஸாவில் ஓதும் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும்போதெல்லாம் மாலையில் வந்து காசு வாங்காமல் கணக்கு சொல்லிக்கொடுப்பார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இப்பகுதியினர் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அவர் ஆள் அனுப்பி, மாமியை நாற்காலியோடு தூக்கச் செய்து, எங்களைத் தம் வீட்டு மாடிக்குக் கொண்டுபோனார். நான்கு நாள்கள் அங்கே இருந்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கிப்லா எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஓர் அம்புக்குறி வரைந்து வைத்திருந்தார். அந்த அம்புக்குறி இன்னும் அந்தச் சுவரில் இருக்கிறது.

இரண்டாம் நாள் இரவில் வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட ஒரு நாய்க்குட்டியை அவருடைய மனைவி எட்டிப் பிடித்து எடுத்தார். அதைப் படிக்கட்டின் மேற்படியில் ஒரு சாக்கின் மேல் கிடத்தினார்கள். மாமி முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் விடியற்காலையில் நான் தஹஜ்ஜுதுக்கு எழுந்தபோது மாமி விழித்துக்கொண்டு அந்தக் குட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அது முன்னங்கால்கள் இரண்டையும் வாசலில் நீட்டிப் படுத்திருந்தது. "குகைத்தோழர்களோட நாய் மாதிரியே கிடக்குது" என்றார்கள். கஹ்ஃபு அத்தியாயத்தின் பதினெட்டாம் வசனத்தை வெள்ளிதோறும் ஓதுகிறவர்கள் அல்லவா!

வெள்ளத்தில் வந்ததால் அதற்கு வெள்ளையன் என்று பெயர் வைத்தார்கள். நிறமோ நல்ல கறுப்பு.

இந்த ஆண்டு சாரல் காலம் தொடங்கும் நேரத்தில் நண்பரின் மனைவிக்கு மதுரையில் ஓர் அறுவைச் சிகிச்சை முடிவாயிற்று. அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இரண்டு மாதம் தங்கியாக வேண்டும். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். அவர் என்னிடம் வந்து, "பாய், உங்ககிட்டே இதைக் கேட்கக் கூடாதுதான்" என்று தொடங்கி, அதற்கு மேல் சொல்ல முடியாமல் நின்றார். முன்பு ஒரு முறை வெள்ளையனை ஓர் உறவினர் வீட்டில் விட்டிருக்கிறார். இரண்டே நாளில் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். செருப்பு, பாய், மிதியடி எதுவும் மிச்சமில்லையாம்.

பதில் சொல்ல நான் ஓர் இரவு அவகாசம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. எங்களைத் தூக்கிக்கொண்டு போவதற்கு அவர் அவகாசம் கேட்கவில்லை.

அந்த இரவு நான் புரட்டிய பக்கங்கள் எனக்குப் புதியவை அல்ல. எல்லாம் ஆண்டுதோறும் நடத்தும் பாடங்கள்தாம். நம் ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் உடல் முழுவதும் நஜீஸ். உமிழ்நீர், வியர்வை, ஈரமான ரோமம் எது பட்டாலும் ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். ஹனஃபீ மத்ஹபில் உமிழ்நீர் அசுத்தம், ரோமம் அவ்வாறன்று. மாலிக்கீ மத்ஹபில் உயிருள்ள நாய் சுத்தமானதே. நான் ஷாஃபிஈ, என் மத்ஹபின்படியே நடக்க விரும்புகிறேன். வசதிக்காக மத்ஹபு மாறுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அதே மத்ஹபு சொல்லும் மற்றவற்றையும் நாம் படிக்க வேண்டுமல்லவா? காய்ந்த பொருள் காய்ந்த பொருளின் மேல் பட்டால் நஜீஸ் கடவாது. நாயைத் தொட்டால் உளூ முறியாது. ஈரம் பட்ட இடத்தைக் கழுவினால் போதும். கால்நடை, வேட்டை, விவசாயம் ஆகிய தேவைகள் இன்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலி நாள்தோறும் குறையும் என்ற எச்சரிக்கை ஹதீஸில் உள்ளது. வீட்டுக் காவலையும் அந்த விலக்கில் சேர்த்துக்கொள்வதே சரியான கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். வெள்ளையனோ அவர் வீட்டைக் காப்பவன். என் வீட்டுக்குள் அவனைக் கொண்டுவரும் பேச்சே இல்லை.

இவை எல்லாவற்றையும் விட என்னை நிறுத்தியது தயம்மும் பாடத்தில் உள்ள ஒரு சட்டம். உளூ செய்ய ஒருவரிடம் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. அருகில் ஓர் உயிர் தாகத்தில் தவிக்கிறது. அவர் தண்ணீரை அந்த உயிருக்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்து தொழ வேண்டும். கடித்துக் குதறும் நாய் இதில் சேராது. தீங்கு செய்யாத நாய் சேரும். இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் இதைத் தயம்முமுக்குரிய காரணங்களுள் ஒன்றாக எண்ணிட்டு மாணவர்களை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அந்த வரிசையில் நாய் ஒன்று தண்ணீருக்காக நாக்கைத் தொங்கவிட்டு நிற்கிறது என்பதை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. தொழுகையின் தண்ணீரையே அதற்குக் கொடு என்று சொல்லும் மார்க்கம் நம்முடையது.

அதனால் சொல்கிறேன்: நஜீஸ் என்பது நாம் எதைக் கழுவ வேண்டும் என்று சொல்லும் சட்டம். எதை வெறுக்க வேண்டும் என்று சொல்லும் சட்டமன்று. நம் உடலில் ஓடும் இரத்தமும் வெளியேறினால் நஜீஸ்தான். அதற்காக யாரும் தம் கையை வெறுப்பதில்லை. கழுவுவதற்குச் சோம்பல்பட்டு, அந்தச் சோம்பலுக்குப் பேணுதல் என்று பெயர் சூட்டிக்கொள்கிறோமோ என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. அண்டை வீட்டாரின் கடமை என்று வரும்போது இந்த ஐயம் இன்னும் வலுக்கிறது. 'அவங்க வீட்டுலே நாய் இருக்குது' என்ற ஒரே காரணத்தால் நோயாளியைப் பார்க்கப் போகாதவர்களையும் மரணத்துக்கு ஆறுதல் சொல்லப் போகாதவர்களையும் எனக்குத் தெரியும். நானும் சில முறை அவ்வாறு இருந்திருக்கிறேன்.

ஆக, ஒப்புக்கொண்டேன். நண்பரின் வீட்டுப் பின்கட்டில் ஒரு பழைய கைலி, ஒரு சட்டை, ஒரு சோடி செருப்பு வைத்தேன். ஒரு வாளியில் சுத்தமான மணல். சுப்ஹுக்குப் பிறகு ஒரு முறை, அஸருக்குப் பிறகு ஒரு முறை போவது, கஞ்சியும் மீன் தலையும் வைப்பது, தண்ணீர் மாற்றுவது, உடை மாற்றிக் கழுவிக்கொண்டு திரும்புவது. ஏழு முறை கழுவ மூன்று நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை.

ஏட்டில் இவ்வளவு எளிதாக இருந்தது. வெள்ளையன் ஏடு படித்தவனல்லன்.

முதல் வாரத்திலேயே இரண்டு கயிறுகளைக் கடித்து அறுத்தான். சங்கிலி வாங்கினேன், முளையையே பிடுங்கிக்கொண்டு, அது தரையில் உராய்ந்து ஓசையெழுப்ப, மதரஸா வாசல்வரை என்னைத் தேடி வந்துவிட்டான். பிள்ளைகள் ஒரே கூச்சல். சிலர் ஓடினார்கள், சிலர் கல்லைப் பொறுக்கினார்கள். நான் வெளியே வந்து கல்லைக் கீழே போடச் சொன்னேன். ஒரு சிறுவன் நியாயமாகவே கேட்டான்: "நஜீஸு தானே ஆலிம்சா, எறிஞ்சா என்னா?" அந்தப் பாடத்தை அவனுக்கு நடத்தியது நான். அப்படியானால் நான் பாதிப் பாடத்தைத்தான் நடத்தியிருக்கிறேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் வாரம் பக்கத்துத் தோட்டத்துக் கோழி ஒன்றைப் பிடித்துவிட்டான். பறவைகளைப் பிடிக்கும் பழக்கம் உள்ளதென்று தெரிந்த பூனை எதையேனும் கொன்றால், பகலானாலும் இரவானாலும் அதை வைத்திருப்பவரே ஈடு தர வேண்டும் என்பது நம் நூல்களில் உள்ள சட்டம். எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். பூனைக்குப் பதில் நாய், நடத்தியவரே பிரதிவாதி. ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். கோழிக்கார அம்மா நூறு ரூபாயைத் திருப்பித் தந்து, "அதுக்குப் பசிச்சிருக்கும், பாய்" என்றார்.

அதைப் பழக்காமல் வேலை நடக்காது என்று புரிந்தது. மாயிதா அத்தியாயத்தின் நான்காம் வசனம், மனிதர் தமக்கு அல்லாஹ் கற்பித்ததிலிருந்து வேட்டைப் பிராணிகளுக்குக் கற்றுக்கொடுப்பதைப் பேசுகிறது. பழக்கிய நாய் பிடித்துவந்தது ஹலால். பழக்காத நாய் பிடித்தது அவ்வாறன்று. கல்வி ஒரு நாயின் தகுதியைக்கூட மாற்றுகிறது பாருங்கள் என்று இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) இதிலிருந்து கல்வியின் சிறப்பை எடுத்துக்காட்டுவார்கள். பழகிய நாய்க்கு ஃபிக்ஹு நூல்கள் அடையாளமும் சொல்கின்றன: ஏவினால் போக வேண்டும், தடுத்தால் நிற்க வேண்டும், பிடித்ததைத் தின்னாமல் வைத்திருக்க வேண்டும். நான் இரண்டாவதோடு தொடங்கினேன். 'நில்' என்று கத்தினேன். வெள்ளையன் அதை விளையாட்டென்று எடுத்துக்கொண்டு மேலும் ஓடினான். கம்பை ஓங்கினேன். சற்றுத் தொலைவில் போய் நின்று குரைத்தான். பத்து நாள்கள் இவ்வாறு போயின.

நிற்க வைத்தது என் மனைவி.

அதற்கு முன் ஒரு சண்டை நடந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிய வாரம் அது. வியாழன் மாலை நெல்லைக்கு ரயில், அங்கிருந்து தென்காசி, வெள்ளி ஜும்ஆவை அங்கே தொழுதுவிட்டுத் திரும்புவது என்று ஒரு மாதமாகத் திட்டமிட்டிருந்தாள். ஒரு நாளைக்கு மட்டும் சோறு வைக்க இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். வெள்ளையன் என்றதும் ஒதுங்கிக்கொண்டார்கள். பயணம் நின்றது. "இருபது வருஷம் கழிச்சு எனக்குக் கிடைச்சது ஒரு வியாழக்கிழமை. அதையும் நாய்க்குக் கொடுத்துட்டீங்க" என்றாள். நான் அமானிதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். "நானும் அமானிதம்தான் மச்சான்" என்றாள். அதற்கு மேல் பேசுவதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

நற்செயல் செய்கிறவர்கள் அதன் விலையைப் பிறர் கணக்கில் எழுதிவிடுவது நம்மிடையே மிகச் சாதாரணம். கணவர் பிறருக்கு உதவுகிறார். அதற்கான மாலைப்பொழுதை மனைவி கொடுக்கிறாள். நன்மை இருவருக்கும் உண்டென்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். அவளிடம் முதலிலேயே கேட்டோமா? நான் கேட்கவில்லை. நண்பரிடம் ஓர் இரவு அவகாசம் வாங்கி, அந்த இரவு முழுவதும் கிதாபுகளிடம் கேட்டேன். அடுத்த அறையில் இருந்தவளிடம் கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை விடியற்காலையில், அவளாகவே, ஒரு பழைய புர்காவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, "நானும் வர்றேன், அந்தக் கறுப்பன் எப்படித்தான் இருக்கான்னு பார்க்கிறேன்" என்று கிளம்பினாள். நான் சங்கிலியைப் பிடித்துக்கொள்ள, நண்பர் வீட்டுக்குப் பின்னால் உள்ள உப்பளக் கரை வழியே மூவரும் நடந்தோம். பாத்திகளில் தண்ணீர் தேங்கி வானம் தெரிந்தது. வெண்ணிறக் கொக்குகள் வரிசையாக நின்றன. வெள்ளையன் இழுத்த இழுப்பில் நான் ஏறக்குறைய ஓடினேன். என் மனைவி பின்னால் நின்றுகொண்டு சிரித்தாள். (பந்தயத்தில் முந்தியது யார் என்று நான் சொல்லப்போவதில்லை.) பிறகு அவள் ஒரு வேலை செய்தாள். நின்ற இடத்தில் அப்படியே நின்றாள். கத்தவில்லை. நாய் இழுத்தது, குரைத்தது, சுற்றிச் சுற்றி வந்தது. அது களைத்துத் தானாக நின்றதும் ஒரு கருவாட்டுத் துண்டை எறிந்தாள். மீண்டும் நடந்தோம், மீண்டும் இழுத்தது, மீண்டும் நின்றாள். அன்று ஒரு கிலோமீட்டர் தொலைவைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான்காவது வாரத்தில், சங்கிலி தளர்ந்திருக்கும்போதே 'நில்' என்றால் நின்றான்.

"இது யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன். "உங்க ரெண்டு மகன்களையும் வளர்த்தது யாரு?" என்றாள்.

அதன் பின் மதரஸாவில் என் பிரம்பு அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. மிகவும் குறும்பு செய்யும் ஒரு மாணவனிடம், அவன் ஆட்டம் ஓயும்வரை பேசாமல் நின்று பார்த்தேன். அவனுக்கு அச்சமாகிவிட்டது, ஆலிம்சாவுக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறான்.

மாமியின் நிலை தனி. நான் அந்த வீட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம், "ஏழு தடவை ஆச்சா?" என்று கதவருகே நின்று கேட்பார்கள். 'ஆச்சு' என்றால்தான் உள்ளே வழி. இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சட்டத்தைக் கேட்பது அவர்கள் உரிமை. ஆனால் ஐந்தாவது வாரம், பெருநாள் போல் ஆட்டுக் கறி ஆக்கிய ஒரு நாளில், எலும்புகளைத் தனியே ஒரு வாழையிலையில் மடித்து, "இந்தா, அந்த வாசல்லே கிடந்தவனுக்கு" என்று நீட்டினார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். சமைத்த எலும்பு நாய்க்குத் தொண்டையில் குத்தும், குடலைக் கிழிக்கும் என்று மருத்துவர்கள் சொல்வதால் அதை வைக்கவில்லை; சதையை மட்டும் பிரித்து வைத்தேன். மாமிக்கு இது தெரியாது. இந்தக் கட்டுரையை அவர்களுக்குப் படித்துக்காட்டும்போது இந்த இடத்தை விட்டுவிடுவேன்.

பெற்றோரின் அச்சத்தை நான் சிறிதும் அலட்சியம் செய்யவில்லை. வெறிநாய்க்கடி நோய் முற்றி அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம். தெருநாய்களால் பிள்ளைகள் கடிபடுவது உண்மையான துன்பம். அதற்கு நகராட்சி கருத்தடையும் தடுப்பூசியும் செய்தாக வேண்டும். நாமும் தெருவில் இறைச்சிக் கழிவைக் கொட்டாமல் இருக்க வேண்டும். குர்பானி நாள்களில் நம் தெருக்கள் எவ்வாறு இருக்கின்றன என்பதை நாமே அறிவோம். நாய் கடித்தால் அல்லது கீறினால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மண் சேர்த்து ஏழு முறை கழுவுவது தொழுகைக்கான சுத்தம். காயத்தில் மண்ணைப் பூசிவிடாதீர்கள். வெள்ளையனுக்கு ஆண்டுதோறும் ஊசி போட்ட அட்டை நண்பரிடம் இருந்தது. ஒப்புக்கொள்வதற்கு முன் நான் கேட்டுப் பார்த்தது அதைத்தான்.

ஆனால் அச்சம் வேறு, இழிவு வேறு. அச்சப்படும் பிள்ளை ஒதுங்கிப் போகும். இழிவாகக் கருதும் பிள்ளைதான் கல்லெடுக்கும். தோல் காலுறையால் தண்ணீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு கிணற்றிலிருந்து ஏறிவந்து தாகித்த நாய்க்குக் கொடுத்த மனிதரின் பாவங்கள் மன்னிக்கப்பட்ட வரலாற்றை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவார்கள். அது எங்கோ நடந்த ஒரு கதை என்று எண்ணுகிறார்கள். நாயின் வாய் பட்ட பாத்திரத்தைக் கழுவுவதோ இன்றே செய்ய வேண்டிய சட்டம். அவ்வாறு பிரித்துக்கொடுத்தது ஆசிரியர்களாகிய நாங்கள்தாம். ஹிஜ்ரி 660இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) நம் மத்ஹபின் பேரறிஞர். விலங்குகளுக்கு மனிதர்மேல் உள்ள உரிமைகளை அவர்கள் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள்: முதுமையாலோ நோயாலோ பயனற்றுப்போனாலும் அதற்குச் செலவிட வேண்டும், தாங்க முடியாத சுமையை ஏற்றக் கூடாது, தீங்கிழைக்கும் மற்றொன்றோடு சேர்த்துக் கட்டக் கூடாது என்று அது நீள்கிறது. இந்தப் பகுதியை நான் மாணவர்களுக்கு நடத்தியதே இல்லை. பாடத்திட்டத்தில் இல்லை என்பது ஒரு சாக்கு. இவ்வாண்டு தஹாரத்துப் பாடத்தோடு சேர்த்து நடத்தத் தொடங்கியிருக்கிறேன்.

நிர்வாகத்தினர் சிலர் என்னை அழைத்துப் பேசினார்கள். கண்ணியமாகவே பேசினார்கள். சட்டத்தை விளக்கினேன், ஒருவர் ஏற்றார், ஒருவர், "சரிதான் ஆலிம்சா, ஆனா சனங்க என்னா பேசுவாங்க?" என்றார். 'சனங்க' என்ன பேசுவார்கள் என்பதற்கு எந்த நூலிலும் சட்டமில்லை. நாய் மதரஸா வாசலுக்கு வராமல் பார்த்துக்கொள்வதாக உறுதி கூறினேன். அது நியாயமான கோரிக்கை. மகனை அழைத்துச் சென்றுவிட்ட அந்தத் தந்தையை இரு முறை வீடு தேடிப் போய்ப் பார்த்தேன். தேநீர் கொடுத்தார். மகனைத் திருப்பி அனுப்பவில்லை. அந்தப் பையன் யாசீன் அத்தியாயத்தில் பாதியில் நிற்கிறான். அதுதான் எனக்கு வருத்தம்.

நண்பரும் அவர் மனைவியும் சென்ற வாரம் திரும்பினார்கள். அம்மையார் கைத்தாங்கலாகக் காரிலிருந்து இறங்கியபோது, வெள்ளையன் பாய்ந்து மேலே விழுந்துவிடுவானோ என்று எனக்கு நடுக்கமாக இருந்தது. தையல் இன்னும் ஆறவில்லை. என் மனைவி, "நில்" என்றாள். உடல் முழுவதும் நடுங்க, வால் தரையை அடிக்க, நின்றான். அம்மையார் அழுதுவிட்டார்.

பின்கட்டிலிருந்து என் கைலியையும் சட்டையையும் எடுக்கப் போனபோது நண்பர், "இருக்கட்டும் பாய்" என்றார். அடுத்த மாதம் பரிசோதனைக்கு இரண்டு நாள் மதுரை போக வேண்டுமாம். தேதியைக் கேட்டேன், வியாழக்கிழமை. இம்முறை உடனே பதில் சொல்லவில்லை. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

கேட்டேன். இந்த வியாழன் குற்றாலம் போயாக வேண்டும் என்றாள். சாரல் ஓய்ந்துவிட்டது, அருவியில் தண்ணீர் குறைவு என்றேன். இருப்பதைப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள். நெல்லைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. அடுத்த மாதத்து வியாழனைப் பற்றி அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மளிகைப் பட்டியலின் கடைசியில் 'கருவாடு கால் கிலோ, தனியா' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன்.